ஷேவர்ஸின் வலக்கை

1979 செப்டம்பர் 28, லாஸ் வேகஸ், சீசர்ஸ் பேலஸ். குத்துச்சண்டையின் உலகப் பட்டத்தை வைத்திருந்த லாரி ஹோம்ஸை எர்னி ஷேவர்ஸ் எதிர்த்து நின்ற அந்த ஆட்டத்தின் ஏழாம் சுற்றை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அதுவரை ஹோம்ஸின் நீண்ட இடக்கை, ஷேவர்ஸின் முகத்தில் ஓயாமல் பட்டுக்கொண்டே இருந்தது. பார்ப்பவர்கள் முடிவை ஏறக்குறைய எழுதிவிட்டிருந்த வேளை. அப்போதுதான் வந்தது அந்த வலக்கை. ஹோம்ஸ் மல்லாந்து விழுந்தார்.

ஒரு முறை பார்த்தால் விழுந்தவர்தான் கண்ணில் நிற்பார். மறுபடி பாருங்கள்; இம்முறை கையை மட்டும். அது நேர்க்கோட்டில் போவதில்லை. மோவாய் ஓரத்திலிருந்து கிளம்பி, எதிராளியின் தோளுக்கு மேலாக ஏறி, அவர் பார்வை எட்டாத உயரத்திலிருந்து தாடையை நோக்கிக் கவிழ்கிறது. பின்னங்காலில் பிறந்த விசை இடுப்பில் திரும்பி, அகன்ற முதுகில் விரிந்து, கடைசியில் முஷ்டிக்கு வந்து சேரும் அந்த ஒழுங்கு எத்தனை எழிலானது! கோடரி வீசும் கை அப்படித்தான் இறங்கும். அலபாமாவின் வயல்களில் பிறந்து ஒஹாயோவில் வளர்ந்தவர் ஷேவர்ஸ். பண்ணை வேலையும் மரம் வெட்டிய பயிற்சியும் தந்த வலு இது என்றே அவரும் சொல்லிவந்தார்.

அந்தக் கையின் முழு அருமை தெரிய, அதன் அடியை வாங்கியவர்களையும் பார்க்க வேண்டும். 1977 செப்டம்பர் 29, மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரே முகமது அலி. இரண்டாம் சுற்றில் அந்த வலக்கை அலியின் மேல் விழுகிறது. உலகமே வியந்த அந்தக் கால்கள் தளர்கின்றன. அடுத்து அலி செய்ததைப் பாருங்கள். உண்மையிலேயே தள்ளாடியவர், வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் தள்ளாடிக் காட்டுகிறார். ஏமாற்றி இழுக்கப் பார்க்கிறாரோ என்று ஷேவர்ஸ் தயங்குகிறார். அந்தச் சில நொடித் தயக்கத்தில் போனது உலகப் பட்டமாகக்கூட இருக்கலாம். அலியின் அந்த நடிப்பை நான் மிகவும் ரசிப்பவன். ஆனாலும் அலியை அப்படியொரு நாடகத்துக்குத் தள்ளிய வலக்கையின் மேல்தான் என் மனம் போய் நிற்கிறது. ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் உறவுக்காரர்களையே அந்த அடி உலுக்கிவிட்டது என்று அலி பின்னாளில் சொன்னது புகழ்பெற்ற பாராட்டு.

சில சமயம் எல்லாமே முதல் சுற்றிலேயே முடிந்துவிடும். 1973இல் ஜிம்மி எல்லிஸ், 1979 மார்ச்சில் கென் நார்ட்டன். அலியின் தாடையையே உடைத்த நார்ட்டன், ஷேவர்ஸிடம் மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட நாக் அவுட்கள் அந்த வாழ்க்கைக் கணக்கில் உண்டு.

ஆட்டம் நீண்டால் கதை வேறு. 1975இல் டென்வரில் ரான் லைலை இரண்டாம் சுற்றில் வீழ்த்தியவர், ஆறாம் சுற்றில் தானே வீழ்ந்தார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுவதையும் கொடுத்துவிடுகிறவருக்குப் பின் சுற்றுகளுக்கு என்ன மிஞ்சும்? அந்தத் தாராளத்தைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிக்கனமாக அடித்திருந்தால் அந்த வளைவு அத்தனை நிறைவாக இறங்கியிருக்குமா?

லாஸ் வேகஸில் மல்லாந்து விழுந்த ஹோம்ஸ் எழுந்துவிட்டார். ஏழாம் சுற்றின் எஞ்சிய நேரத்தைக் கடந்து, மறுபடி தன் இடக்கையை நீட்டி ஆடி, பதினோராம் சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தும்படி செய்தார். பிற்காலத்தில் மைக் டைசனின் அடியையும் வாங்கியவர் அவர். ஆனாலும் தான் எதிர்கொண்டவர்களில் பலமாக அடித்தவர் யார் என்று கேட்டால் ஷேவர்ஸ் பெயரைத்தான் சொல்வார்.

அலியுடனான ஆட்டத்தில் இன்னும் ஓரிடம் இருக்கிறது. பதினைந்து சுற்று ஆட்டம் அது. நீண்ட ஆட்டம் தாங்காதவர் என்று பெயரெடுத்தவர், பதின்மூன்று, பதினான்காம் சுற்றுகளிலும் தளராமல் முன்னேறுகிறார். பளபளக்கும் மழித்த தலையைத் தாழ்த்திக்கொண்டு, அதே வலக்கையை அதே முழுமையோடு வீசுகிறார். கடைசிச் சுற்றில் அலி தன்னிடம் எஞ்சியிருந்த அத்தனையையும் திரட்டி அவர்மேல் கொட்ட வேண்டியிருந்தது. மணி அடித்தபோது ஷேவர்ஸ் தள்ளாடினார், விழவில்லை. தீர்ப்பு அலிக்குப் போனது.