மீண்டும் திரித்த மணற்கயிறு

மணலைக் கயிறாகத் திரிப்பது என்பது நம் மக்களின் வழக்கு. இயலாததை இயன்றதாகக் காட்டும் வாய்ச்சாலகத்தையே அது குறிக்கும். விசு எழுதி இயக்கி 1982-இல் வெளிவந்த 'மணல் கயிறு' படத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. வரப்போகும் மனைவிக்கு எட்டு நிபந்தனைகள் விதிக்கிறான் கிட்டுமணி. எட்டும் பொருந்தியவள் என்று பொய்யுரைத்து உமாவை அவனுக்கு மணமுடித்து வைக்கிறார் நாரதர் நாயுடு. மணம் முடிந்தபின் பொய்கள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன.

நாடக மேடையில் பிறந்த கதையாதலின் உரையாடலே அதன் உயிர். ஆயினும் அப்படம் இன்றும் குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கத்தக்கதாய் நிற்பதற்குக் காரணம் வேறு. பெண் வீட்டார் தலைகுனிந்து நிற்கும் மணச்சந்தையில், தலைநிமிர்ந்து விலை பேசுகிறவனைப் பார்த்தே அது சிரித்தது.

முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2016-இல், மதன்குமார் இயக்கத்தில் 'மணல் கயிறு 2' வந்தது. எஸ்.வி.சேகரும் விசுவும் தத்தம் பழைய வேடங்களிலேயே தோன்றினர். இம்முறை எட்டு நிபந்தனைகளை விதிப்பவள் கிட்டுமணியின் மகள். சேகரின் சொற்சிலம்பம் ஆங்காங்கே பழைய சிரிப்பை எழுப்பத்தான் செய்கிறது. எனினும் படம் நெஞ்சில் தங்கவில்லை.

காலம் மாறியது, நிபந்தனை கைமாறியது என்று இதற்கு நியாயம் கூறலாம். ஆனால் சந்தை மாறிவிட்டதா? கொங்கு நாட்டையே எடுத்துக்கொள்வோம். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்றொரு ஏற்பாடு இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பரவலாக இருந்தது. இளம்பெண்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் விடுதியில் தங்கி உழைப்பர். ஒப்பந்த முடிவில், திருமணச் செலவுக்கென ஒரு தொகை கிடைக்கும். இடையில் விலகியவர்க்குத் தொகை மறுக்கப்பட்டதும் உண்டு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். மணமகன் மஹர் கொடுத்து மணக்க வேண்டிய நம் சமுதாயத்திலும் கைக்கூலி ஒழிந்துவிட்டதென்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. இந்நிலையில், நிபந்தனை விதிக்கும் பெண்ணை நகைப்புக்குரியவளாக்குவது, முதற்படம் நகைத்த தலைநிமிர்வையே தட்டிக்கொடுப்பதாக முடிகிறது.

தொடர்ச்சிப் படம் எடுப்பதே குற்றமன்று. ஹாலிவுட்டில் வின்சென்ட் மினெல்லி 1950-இல் 'ஃபாதர் ஆஃப் த பிரைடு' என்ற படத்தை இயக்கினார். மகளின் திருமணச் செலவில் திண்டாடும் தந்தையாக ஸ்பென்சர் ட்ரேஸி நடித்தார். மறு ஆண்டே தொடர்ச்சி வந்தது. முதற்படத்தின் மெருகு அதில் குறைவே. ஆயினும் அதே தந்தை, பாட்டனாகப் போகும் செய்தி கேட்டுத் தடுமாறுவதாகக் கதை ஒருபடி மேலேறியது. மனிதனுக்கு வயது ஏறியது, சிக்கலும் புதிதாயிற்று.

கிட்டுமணிக்கும் அத்தகைய வாய்ப்பு இருந்தது. எட்டு நிபந்தனை விதித்தவன் இன்று பெண்ணைப் பெற்றவன். வேறொரு வீட்டு வாலிபன் அவன் முன் அமர்ந்து எட்டு நிபந்தனைகளை வாசித்திருந்தால், தன் பழைய குரலையே அவன் எதிரில் கேட்டிருப்பான். சிரிப்பும் இருந்திருக்கும், உறுத்தலும் இருந்திருக்கும். அந்தக் காட்சியை எழுதாமல் விட்டதே இப்படத்தின் பெருங்குறை.

முதற்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மணப்பருவம் எய்திய ஆண்பிள்ளைகளுக்குத் தவறாமல் காட்டுங்கள்.