வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களும் அவற்றின் பொருள் தேடியவர்களும்

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தில் நின்றுவருகிற ஆங்கில பாஷையில், ஒரு காலத்தில் உழவன் முதல் அரசன் வரை யாவர் நாவிலும் வழங்கி, பின்பு சிறிது சிறிதாக மறைந்து, இன்று பழஞ்சுவடிகளிலும் பேரகராதிகளிலும் மாத்திரமே காணக் கிடைக்கிற சொற்கள் மிகப் பல. அவற்றின் பொருளை அறிய வேண்டுமென்ற ஆவல் அந்நாட்டாருக்கு நெடுங்காலமாக உண்டு. அந்த ஆவல் முதலில் கற்றோர் பெருமைக்கு உரியதாயிருந்து, பிறகு ஊர் ஊராகத் திரிந்து சொல் சேகரிப்பவர்களின் பொழுதுபோக்காகி, இறுதியில் ஒரு சாஸ்திரமாகவே முதிர்ந்த சரித்திரத்தை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். மறைந்த சொல்லின் பொருளை நிச்சயிப்பது அதன் ஓசையுமன்று, அதன் தாதுவுமன்று. அதனை யார், எக்காலத்தில், எந்நூலில், எவ்வாறு ஆண்டார் என்னும் பிரயோகச் சான்று ஒன்றே அதற்குப் பிரமாணம்.

பதினாறாம் நூற்றாண்டில் கிரேக்க, லத்தீன் நூற்கல்வி இங்கிலாந்தில் பெருகியபோது, அவ்விரு பாஷைகளின் சொற்கள் அளவின்றி ஆங்கிலத்தில் வந்து புகுந்தன. கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த ஜான் சீக் போன்றவர்கள் இவற்றை வெறுத்துத் தாய்மொழிச் சொற்களே போதுமென வாதாடினர். எதிர்த்தவர்கள் இப்புதுச் சொற்களை மைக்கூட்டுச் சொற்கள் என்று பரிகசித்தனர். எனினும் சொற்கள் வந்துகொண்டேயிருந்தமையால், அவற்றுக்கு எளிய உரை வேண்டியதாயிற்று. பள்ளியாசிரியராயிருந்த ராபர்ட் காட்ரி 1604-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 2,500 கடினபதங்களை அகரவரிசையில் அமைத்து வெளியிட்ட சிறு நூலே, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறிய முதல் அகராதியெனக் கொள்ளப்படுகிறது. வேதாகமத்திலும் பிரசங்கங்களிலும் கேட்கும் அரிய சொற்களைப் பெண்டிரும் கல்வி குறைந்தோரும் விளங்கிக்கொள்ள வேண்டுமென்பதே அவர் கருதிய பயன்.

அவருக்குப் பின் 1616-இல் ஜான் புல்லோக்கரும், 1623-இல் ஹென்ரி காக்கரமும் தத்தம் அகராதிகளைப் பிரசுரித்தனர். இவர்களுள் காக்கரம் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. லத்தீன் அகராதிகளிலுள்ள சொற்களுக்கு ஆங்கில விகுதி சேர்த்து, அவை யாராலேனும் ஆளப்பட்டனவா என்று ஆராயாமலே பலவற்றைத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். குளிர்காலத்து வெயிலின் இளஞ்சூட்டைக் குறிக்கும் ‘அப்ரிசிட்டி’ என்னும் அழகிய சொல் அவர் அகராதியிலிருந்தே தெரியவருகிறது. வெயிலில் காய்வதைக் குறித்த லத்தீன் அடியிலிருந்து பிறந்த அச்சொல்லை அரிய சொற்களில் விருப்பமுள்ளோர் இன்று எடுத்துப் பாராட்டுகிறார்கள். ஆயினும் அக்காலத்து மக்கள் அதை வழங்கினர் என்பதற்கு ஆதாரம் இல்லை. அகராதியிற் காணப்படுவது வேறு, மக்கள் வாயில் வாழ்ந்தது வேறு என்பதற்கு இது தக்க உதாரணம்.

மக்கள் வாயில் வாழ்ந்த சொற்களைத் தேடிச் சென்றவர் ஜான் ரே என்னும் தாவரசாஸ்திரி. செடிகொடிகளை ஆராய்வதற்காக நாடெங்கும் யாத்திரை செய்த அவர், வடபுலத்துச் சொற்கள் இவை, தென்புலத்துச் சொற்கள் இவை என்று பிரித்து, 1674-இல் ஒரு தொகுதி வெளியிட்டார். நூறாண்டு கழித்துப் பிரான்சிஸ் குரோஸ் 1785-இல் லண்டன் தெருக்களின் இழிசனர் வழக்கையும், 1787-இல் மாகாணங்களின் வழக்கையும் தொகுத்தார். இவ்விருவருக்கும் இடையே, 1755-இல் வெளிவந்தது சாமுவேல் ஜான்சனின் பேரகராதி. நூலாசிரியர்களின் வாக்கியங்களை லட்சத்துக்கு மேல் மேற்கோளாகக் காட்டிப் பொருளை நிலைநாட்டிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் ஜான்சன், எலிசபெத் காலத்துக் கவியாகிய பிலிப் சிட்னிக்கு முற்பட்ட எழுத்துக்களைப் பெரும்பாலும் தம் எல்லைக்குள் சேர்க்கவில்லை. ஆகையால் அவற்றில் மாத்திரம் வழங்கிய சொற்கள் புறத்தே நின்றன.

அக்குறையைத் தீர்க்கத் தூண்டியவர் ரிச்சர்ட் டிரெஞ்ச் என்னும் சமயகுரு. 1857-இல் லண்டன் மொழிநூற் சங்கத்தில் அவர் நிகழ்த்திய பிரசங்கங்களில், அகராதிகாரன் சரித்திராசிரியனே அன்றிச் சொற்களுக்குத் தீர்ப்புக் கூறும் நீதிபதி அல்லன் என்றும், செத்த சொல்லுக்கும் அதன் பிறப்பும் இறப்பும் குறிக்கப்பட வேண்டுமென்றும் வற்புறுத்தினார். இக்கொள்கைப்படி ஒரு புதிய பேரகராதி தொகுக்கும் திட்டம் நிறைவேறப் பழஞ்சுவடிகள் முதலில் அச்சேற வேண்டியிருந்தது. அதற்கென்றே பிரெடரிக் பர்னிவால் 1864-இல் பழைய ஆங்கில நூற்பதிப்புச் சங்கத்தை ஸ்தாபித்தார். 1879-இல் அப்பேரகராதியின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மரே, தையற்காரரின் மகனாய்ப் பிறந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, தம் முயற்சியாலேயே பல பாஷைகளைக் கற்றவர். இரும்புத் தகடு வேய்ந்த ஒரு கொட்டகையில் மாடங்கள் அமைத்து, ஊதியம் கருதாத வாசகர்கள் பல நாடுகளிலிருந்து எழுதியனுப்பிய மேற்கோள் சீட்டுக்களை அவர் வரிசைப்படுத்தினார். முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது. மரே 1915-இல் காலஞ்சென்றார். நூல் 1928-இல் முற்றுப்பெற்றது. அதில் அடங்கிய தலைச்சொற்கள் 4,14,825, மேற்கோள்கள் 18,27,306. வழக்கிழந்த ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னே கத்தி வடிவான ஒரு குறி இடப்பட்டுள்ளது.

இவ்வாறு சேர்ந்த சான்றுகளால் நாம் அறிவது யாது? முதலாவது, வடிவம் இறவாமல் பொருள் மாத்திரம் இறந்த சொற்கள் உண்டு. ‘நைஸ்’ என்பது லத்தீனில் அறியாதவன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்து, முதலில் மூடனைக் குறித்து, பின்பு நுணுக்கம் பார்ப்பவனைக் குறித்து, பதினெட்டாம் நூற்றாண்டில் இனிமையைக் குறிக்கத் தொடங்கியது. ‘சில்லி’ இதற்கு மாறாகப் பாக்கியவானிலிருந்து இறங்கி, கபடமற்றவனாகி, இரக்கத்துக்குரியவனாகி, முடிவில் அறிவிலியாயிற்று. ‘மீட்’ என்பது பண்டைக் காலத்தில் உணவு அனைத்துக்கும் பொதுப்பெயர். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் ‘மீட் ஆபரிங்’ என்று வரும் காணிக்கை, மாவும் எண்ணெயும் சேர்ந்ததே அன்றி இறைச்சி அன்று. தமிழ் வேதாகமம் அதனைப் போஜனபலி என்று வழங்குவது, இன்றைய ஆங்கில வாசகர் மயங்கும் இடத்தில் நம்மவர் மயங்காதிருக்கத் துணைசெய்கிறது. ஷேக்ஸ்பியரின் ஜூலியட் ‘வேர்போர்’ என்று வினவுவதும் ‘எங்கே’ என்பதன்று, ‘எதனால்’ என்பதே. அதை அறியாதவர்கள் அவள் காதலனைத் தேடுவதாக எண்ணி அக்காட்சியின் உயிரையே இழந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, இறந்த சொற்கள் பிற சொற்களோடு ஒட்டிக்கொண்டு எஞ்சியிருப்பது உண்டு. இரக்கத்தைக் குறித்த ‘ரூத்’ தனியே வழக்கிழந்தது. இரக்கமின்மையைக் குறிக்கும் ‘ரூத்லெஸ்’ நிலைத்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் தங்குதடையின்றி என்ற பொருளில் வரும் தொடரிலுள்ள ‘லெட்’, அனுமதி என்னும் இன்றைய ‘லெட்’ அன்று. தடை என்னும் வேறொரு பழஞ்சொல். மனிதனைக் குறித்த ‘வெர்’, ஓநாய் மனிதன் என்னும் கதைப்பெயரில் மிஞ்சியிருக்கிறது. நாட்களை இரவுகளால் எண்ணிய பழைய ஜெர்மானிய சம்பிரதாயத்தில் பிறந்த இரண்டு சொற்களுள், பதினான்கு இரவுகளாகிய ‘போர்ட்நைட்’ இன்றும் வழங்க, ஏழு இரவுகளாகிய ‘சென்னைட்’ ஜேன் ஆஸ்டினின் காலத்துக்குப் பின் மெல்ல மறைந்தது. நாளை மறுநாளுக்கு ‘ஓவர்மாரோ’ என்று ஒரே சொல் ஆங்கிலத்தில் இருந்தது. அது போனபின் அவர்கள் மூன்று நான்கு சொற்களைச் சேர்த்தே அக்கருத்தைச் சொல்கிறார்கள்.

மூன்றாவது வகை, அடியோடு மறைந்து ஓரிரு சுவடிகளில் மாத்திரம் கண்டவை. எக்ஸிடர் தேவாலயத்துக்கு லியோபிரிக் என்னும் பிஷப் அளித்த பழங்கவிதைச் சுவடியில், கணவனைப் பிரிந்த ஒருத்தியின் புலம்பலில் ‘உஹ்ட்கேயரே’ என்றொரு சொல் வருகிறது. ‘உஹ்ட்’ என்பது விடியற்கு முந்திய வைகறைப் பொழுது, ‘கேயரே’ கவலை. உறக்கம் கலைந்து, பொழுதும் புலராமல், நெஞ்சம் துயருறும் அந்த வேளைக்கென்றே ஒரு சொல் படைத்திருந்த மக்களின் உள்ளத்தை, வேறெந்தச் சரித்திர நூலும் இத்துணை அணுக்கமாக நமக்குக் காட்டாது.

தலைநகரத்தில் இறந்த சொல் கிராமத்தில் உயிரோடிருக்கலாம் என்பதை நிலைநாட்டியவர் ஜோசப் ரைட். யார்க்ஷயரில் ஏழைக் குடியிற் பிறந்து, சிறு பிராயத்திலேயே ஆலைக் கூலியாகி, பதினைந்து வயதளவில்தான் எழுத்தறிந்த இவர், பின்னாளில் ஆக்ஸ்போர்டில் ஒப்பிலக்கணப் பேராசிரியரானார். 1898 முதல் 1905 வரை ஆறு பாகங்களாக வெளிவந்த அவருடைய வட்டார வழக்கு அகராதி, உழைப்பாளிகளின் பேச்சு கற்றோர் பேச்சின் சிதைவன்று, அதனினும் பழமை வாய்ந்ததாகவும் இருக்கலாம் என்பதற்கு அழியாச் சாட்சி. பொறுத்திருத்தல் என்னும் பொருளுடைய ‘தோல்’ என்ற பழஞ்சொல் பியோவுல்ப் என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தின் பாஷைக்கு உரியது. அதை அயர்லாந்தின் வடபகுதியில் தம் உறவினரான முதியோர் வாயிற் கேட்டதே அக்காவியத்தை மொழிபெயர்க்கத் தமக்கு வழி திறந்ததாகக் கவிஞர் ஷேமஸ் ஹீனி எழுதியிருக்கிறார்.

தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் ஒரு பங்கு உண்டு. தஞ்சையில் நீதிபதியாயிருந்து, அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருத ஏடுகளுக்கு அட்டவணை வகுத்த ஏ.ஸி. பர்னல், ஹென்ரி யூலுடன் கூடித் தொகுத்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் சொற்றொகுதி 1886-இல் வெளியாயிற்று. பர்னல் அதைக் காணாமலே 1882-இல் மறைந்தார். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் முதலிய நம் சொற்கள் ஆங்கிலேயர் நாவில் உருமாறிய விதமும், ஆனந்தரங்கப் பிள்ளை வகித்த உத்தியோகத்தின் பெயராகிய ‘துபாஷ்’ கம்பெனிக் காலத்து ஆங்கிலத்தில் வழங்கிய விதமும், ஆண்டுவாரியான மேற்கோள்களோடு அந்நூலில் காணலாம்.

சான்றை விட்டு நழுவினால் எத்தகைய பிழை நேருமென்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துப் பிழையாலோ அச்சுப் பிழையாலோ பிறந்து, ஒருபோதும் வழங்காத சொற்களுக்கு ‘பேய்ச்சொல்’ என்று 1886-இல் பெயரிட்டவர் வால்டர் ஸ்கீட். அமெரிக்காவின் வெப்ஸ்டர் அகராதி 1934-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘டார்ட்’ என்னும் சொல்லுக்கு அடர்த்தி என்று பொருள் தந்தது. அடர்த்தியைக் குறிக்கும் ‘டி’ என்ற எழுத்தின் பெரிய வடிவையும் சிறிய வடிவையும் ‘அல்லது’ என்னும் இணைச்சொல்லோடு சேர்த்து எழுதிய ஒரு சீட்டு, தவறாக ஒரே சொல்லாகப் படிக்கப்பட்டது. சொற்பிறப்பு இல்லாததைக் கண்டு ஆசிரியர்கள் அப்பிழையை உணர்ந்தது 1939-இல்.

சான்று திரட்டும் பணி பின்னும் தொடர்ந்தது. மிச்சிகன் சர்வகலாசாலையின் இடைக்கால ஆங்கில அகராதி 2001-இல் நிறைவுற்றது. கிளாஸ்கோவில் 1965-இல் தொடங்கிய, சொற்களைப் பொருள்வாரியாகவும் கால வரிசையாகவும் அடுக்கும் பெருந்தொகுதி 2009-இல் வெளிவந்தது. ஒரு கருத்துக்கு ஆயிரம் ஆண்டுகளில் என்னென்ன சொற்கள் வந்து போயின என்பதை இன்று ஒரே பக்கத்தில் காண முடிகிறது. இத்தனை வசதி இருந்தும், அரிய சொற்களின் பட்டியல்கள் பல, காலமும் இடமும் நூலும் குறிக்காமல் பொருளை மாத்திரம் கூறி உலவுகின்றன. அவற்றை வாசித்து மகிழ்வதில் தவறில்லை. நம்புவதற்கு முன் ஒரு சோதனை வேண்டும். பழஞ்சொல் ஒன்றைக் கண்டு ஆனந்திக்கும் வாசகர், அதன் கீழ் ஆண்டும் ஆட்சியும் காட்டப்பட்டுள்ளனவா என்று பார்ப்பாராக. காட்டப்பட்டிருந்தால் அச்சொல் மறைந்த மக்களின் வாழ்வை அறிவிக்கும் சாசனம். இல்லையேல், யாரோ கூறிய செவிவழிச் செய்தி.