இந்தப் பேய்க்கு என்ன வேணுமாம்?

கம்போங் மேடானில் அக்கா வீட்டு ஃபிளாட். அக்கா மகன் ‘டார்க் சோல்ஸ்’ ஆடிக்கொண்டிருந்தான். பல பேருடைய எலும்புகளை அள்ளிக் கட்டி, மேலே கறுப்புப் போர்வையைப் போர்த்திவிட்டதுபோல் திரையில் ஓர் உருவம். பையன் செத்துச் செத்து மறுபடி அதனிடமே போனான். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன்டா, இந்தப் பேய்க்கு என்ன வேணுமாம்?”

“ஒண்ணும் வேணாம் பாட்டி. அது பாஸ். அடிக்கணும், அவ்ளோதான்.”

பாட்டி பால்மரத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அங்கே பேய் பிடித்தவரைப் பூசாரி முன் உட்காரவைத்தால் முதலில் எழும் கேள்வி இதுதான். நீ யார், எந்த ஊர், உனக்கு என்ன வேணும்? வேப்பிலையடியும் உண்டு. அதுவும் பேயைப் பேசவைக்கத்தான்.

ஒரு கட்டத்தின் முடிவில் வழிமறித்து நிற்கும் பெரிய எதிரியை ஆட்டக்காரர்கள் ‘பாஸ்’ என்பார்கள். அந்த இடத்தில் எலும்புக்கூட்டை நிறுத்துவது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் பழகிப்போன உத்தி. ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் வரிசை, 2011, 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று பாகங்களிலும் இதைக் கையாண்டிருக்கிறது. அந்த உத்தி எங்கே தேறுகிறது, எங்கே சறுக்குகிறது என்று உரசிப் பார்க்கப் பாட்டியின் கேள்வியைவிட நல்ல கல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அதன் பலம். எலும்புக்கூட்டுக்கு அறிமுகம் வேண்டாம். எந்த ஊர்க்காரருக்கும் பார்த்தவுடன் புரியும். வெட்டினால் குற்ற உணர்ச்சி வராது. சிதறியது மறுபடி கூடி எழுந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். டார்க் சோல்ஸில் இதற்கு மேலும் ஒரு பொருத்தம் உண்டு. ஆடுபவரின் பாத்திரமே சாக முடியாத சாபம் பெற்றது. விழுந்தால் தீமூட்டத்தருகே மறுபடி எழுகிறது. எழும் எலும்பை எழும் பிணம் அடிக்கிறது. கண்ணாடியோடு சண்டை போடுவது மாதிரி.

2011இல் ஹிடேடாகா மியாசாகியின் இயக்கத்தில் வந்த முதல் பாகத்தின் நிட்டோ, அன்று திரையில் நின்ற அதே உருவம், இந்தப் பலத்தின் உச்சம். ‘இறந்தோரில் முதல்வன்’ என்பது அவன் பட்டப்பெயர். ஆதித் தீயிலிருந்து பேராற்றல் கொண்ட ஆன்மாக்களை எடுத்தவர்களில் ஒருவன். டிராகன்களோடு நடந்த போரில் சாவையும் நோயையும் அவிழ்த்துவிட்டவன். அவனிடம் போகும் வழி அரக்கர்களின் கல்லறை. கையில் வெளிச்சம் இல்லாவிட்டால் அடுத்த அடி தரையா பள்ளமா என்று தெரியாத இருட்டு. அதைக் கடந்து ஒரு குழிக்குள் குதித்தால்தான் அவன் முகமே கிடைக்கும். தூரத்தில் ஓர் அலறல் கேட்கும்; மறுகணம் காலடியிலிருந்து வாள் முளைக்கும். பயத்தைக் கண்ணிலிருந்து காதுக்கு மாற்றிய இடம் அது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. நிட்டோ மெதுவாக நகர்பவன், தீக்கு அஞ்சுபவன். சண்டையைக் கடினமாக்குவது அவனல்ல, அவனைச் சூழ்ந்த சிறு எலும்புக்கூடுகள். தெய்வீக ஆயுதம் இல்லையென்றால் அவை விழுந்து விழுந்து எழும். தலைவனிடம் இல்லாத வலிமையைக் கூட்டத்திடம் கடன் வாங்குவது இந்த உத்தியின் பழைய வியாதி. இரண்டாம் பாகத்தில் அது முற்றிவிட்டது. எலும்புக்கூட்டு வேந்தர் மூவர் வருகிறார்கள். ஒருவர் விழுந்தால் அவருக்குப் பதிலாக ஒரு கும்பல் எழுகிறது. எண்ணிக்கை உண்டு, ஆள் இல்லை. பாட்டியின் கேள்வியை அவர்களிடம் கேட்டால் காற்றுதான் பதில்.

மூன்றாம் பாகத்தின் வோல்னிரிடம் பதில் இருக்கிறது. மற்ற அரசர்களின் மகுடங்களைப் பொடியாக்கித் தன் ஒரே மகுடமாக வார்த்துக்கொண்ட கார்த்தஸ் மன்னன் அவன். படுபாதாளத்தில் விழுந்தபோது உண்மையான இருட்டைக் கண்டு நடுங்கி, முதன்முறையாகக் கடவுளரைக் கெஞ்சினான். மதகுருமார்களின் பிணங்களிலிருந்து உருவிய மூன்று காப்புகள் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தன. சண்டையில் நாம் உடைக்க வேண்டியது அந்த மூன்று காப்புகளைத்தான். மூன்றும் உடைந்ததும் இருட்டு அவனை இழுத்துக்கொள்கிறது. எதைப் பற்றிக்கொண்டு கிடந்தானோ அதை அறுப்பதே அவனைக் கொல்வது. கதையும் சண்டையும் ஒரே முடிச்சில் அமைந்த அருமையான கற்பனை.

ஆனால் ஆட்டக்காரர்களிடம் கேட்டால், “ரொம்ப ஈசி லா” என்று முடித்துவிடுவார்கள். காப்பை உடைப்பது அவர்களுக்கு வெறும் தந்திரம். காரணம், காப்பின் கதை இருப்பது ஒரு வாளின் குறிப்பில்; அந்த வாளோ அவனைக் கொன்ற பிறகுதான் கைக்கு வரும். பேயைப் புதைத்த பிறகு அதன் வாக்குமூலத்தைப் படிப்பதில் என்ன பயன்?

நம் மரபில் பேய்கள் இப்படி வாய் மூடியிருப்பதில்லை. 12ஆம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில் வற்றி உலர்ந்த பேய்கள் காளியிடம் பசி பசி என்று முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைத்துக் குடிக்கின்றன. காரைக்கால் அம்மையாரோ பேய்வடிவைக் கேட்டு வாங்கியவர். விலா எலும்பு தெரியும் அவருடைய செப்புத் திருமேனி கையில் தாளத்தோடு அமர்ந்து பாடுகிறது. சதை போனாலும் குரல் போகவில்லை. நம் பேய்கள் பயமுறுத்துவதோடு நில்லாமல் மனத்தில் தங்குவதும் அந்தக் குரலால்தான். எலும்புக்கூட்டு பாஸ்களில் குறைவது இதுதான்.

நிட்டோவுக்கு மட்டும் இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தளர்த்தலாம். அவன் யாரையும் தேடி வருவதில்லை. இறந்தவர்களோடு கல்லறையில் கிடக்கிறான். அவனிடமுள்ள ஆன்மா இல்லாமல் கடைசிக் கதவு திறக்காது என்பதால் நாம்தான் போய் எழுப்புகிறோம். அவன் ஊமையாக இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. கேள்வி அவனைப் பார்த்துக் கேட்கப்பட வேண்டியதே அல்ல.

இதைப் பாட்டியிடம் என்னால் முடிந்த அளவு விளக்கினேன். “அதுக்கு ஒண்ணும் வேணாம் பாட்டி. அதுகிட்ட இருக்கிறதுதான் இவனுக்கு வேணும்.”

பாட்டி பூச்சரத்தை முடிச்சுப் போட்டபடி சொன்னார்: “அப்போ பூசாரிகிட்ட இவனைத்தான் கூட்டிட்டுப் போகணும்.”