கஞ்சனுக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

பாகூர்ப் பக்கத்துப் பள்ளி மாணவன் ஒருவன் தன் அம்மாவைப் பற்றி இங்கிலீஷில் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நடவுக் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அந்த அம்மா. பையன் அவரை 'மைசர்' என்று எழுதியிருந்தான். பாராட்டத்தான் நினைத்திருக்கிறான், அகராதி காலை வாரிவிட்டது.

'மைசர்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்குப் 'பரிதாபமானவன்' என்று பொருள். பணத்தைப் பூட்டிவைத்து, தானும் அனுபவிக்காமல் பிறருக்கும் கொடுக்காமல் கிடப்பவன். 'திரிஃப்டி' அப்படியல்ல, செழித்தலைக் குறிக்கும் 'திரைவ்' என்ற சொல்லுக்கு உறவு. இருப்பதை வீணாக்காமல் எளிமையாக வாழ்பவர் 'ஃப்ரூகல்'. கொடுக்க வேண்டிய இடத்தில் கை நீளாதவர் 'ஸ்டிஞ்சி'.

நம்ம பேச்சில் இந்தக் கோடு தெளிவாகவே இருக்கு. 'செட்டா குடும்பம் நடத்துறா' என்றால் பாராட்டு. 'கசவஞ்சி', 'பிசினாரி' என்றால் வசவு. எச்சில் கையால காக்கா ஓட்டாதவன் என்று சொல்லும்போது, அவன் எவ்வளவு சாப்பிட்டான் என்பது கணக்கில்லை. காக்காவுக்கு ஒரு பருக்கையாவது விழுந்ததா என்பதுதான் கணக்கு. அந்த அம்மா 'திரிஃப்டி'. சந்தேகமே வேண்டாம்.

பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. குறளின் 44ஆம் அதிகாரமான குற்றங்கடிதலை எடுத்துக்கொள்ளுங்கள். 432ஆம் குறள் அரசனுக்கு ஆகாதவற்றில் முதலாவதாக 'இவறல்' என்பதை வைக்கிறது. துரூ அதை 'அவரிஸ்', அதாவது பேராசை, என்கிறார். 1886இல் வெளிவந்த தன் மொழிபெயர்ப்பில் ஜி.யு. போப் 'நிக்கர்ட்' என்று, கொடாத கையைச் சொல்கிறார். வேண்டிய இடத்தில் பொருள் கொடாமை என்பதே பரிமேலழகர் உரை. ஆக, போப்பே நெருங்கி வருகிறார். ஆனால் அதே போப், 438இல் 'இவறன்மை' வரும்போது 'அவரிஸ்' பக்கம் போய்விடுகிறார்!

துரூவுக்காகவும் ஒன்று சொல்லலாம். 1003ஆம் குறளில் 'இவறி' என்பதற்கு விரும்பி என்றே பொருள். ஆசைப்படுவதும் விடாமல் பிடிப்பதும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஆனாலும் 432இல் பேச்சு அரசனைப் பற்றியது. பேராசை பிடித்த அரசன் குடிகளிடம் பறிப்பான். இவறும் அரசன் குடிகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யமாட்டான். இரண்டும் வேறு வேறு துன்பம். 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர்க் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அந்தக் கொடை நின்றுபோயிருந்தால், யாரிடமும் எதையும் பறிக்காமலே இவறல் நடந்திருக்கும்.

அதற்காக இன்று போப்பின் சொல்லை அப்படியே எடுத்து எழுதவும் முடியாது. 1999இல் வாஷிங்டன் மேயரின் உதவியாளர் ஒருவர் பட்ஜெட் பற்றிப் பேசும்போது 'நிக்கர்ட்லி' என்றார். கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் வசைச்சொல் போலக் காதில் விழுந்ததால் வேலையை விட நேர்ந்தது. இரண்டு சொல்லுக்கும் வேர் வேறு. பிறகு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். எனவே 432க்கு என் தேர்வு 'ஸ்டிஞ்சி'.

அகராதியைத் திறக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மிச்சம் பிடித்த காசால் யார் வாழ்ந்தார்கள், யார் வாடினார்கள்? பதில் தெரிந்தால் சொல்லும் தெரிந்துவிடும்.