வரலாற்று ஆய்வுமுறையும் தோட்டத்து ஆவணங்களும்: ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழகத்தில் வரலாற்றைப் பாடமாகக் கொள்ளும் மாணவன் முதற்கண் பயில்வது ஆய்வுமுறையின் அடிப்படைகளையாகும். மூலாதாரங்களைத் தேடுதல், அவற்றின் காலத்தையும் ஆக்கியோனையும் துணிதல், கூற்றின் நம்பகத்தன்மையை அளவிடுதல், அதன் பின்னரே முடிபு கூறுதல் என்பன அவை. இவற்றை முறைப்படத் தொகுத்துரைத்த பிரெஞ்சு அறிஞர் லாங்லுவா, செய்ஞோபோ ஆகியோரின் நூல் 1898இல் வெளிவந்தது. ஆவணம் இல்லாதவிடத்து வரலாறும் இல்லை என்பது அவர்தம் நிலைப்பாடு. பண்டாரவளையைச் சூழ்ந்த தோட்டங்களில் நின்று இந்நிலைப்பாட்டை நோக்குமிடத்து எழும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டங்களின் வரலாற்றுக்கு ஆவணப் பஞ்சம் இல்லை. ஆளுநர்களின் அறிக்கைகள், 1854இல் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கத்தின் அறிக்கைகள், பெர்குசனின் டிரெக்டரி, குடிசன மதிப்பீடுகள், செக்றோல் ஏடுகள் எனப் பலவுள. ஆயின் இவற்றை எழுதியோர் யாவர், எதன்பொருட்டு எழுதினர் என்பதே முதல் வினா. செக்றோலை எடுத்துக்கொள்வோம். வேலைக்கு வந்தவரின் பெயரும் அவர் உழைத்த நாள்களும் அதிற் பதியப்பெற்றன. பேர் பதியும் வயதடையாத குழந்தையும் வேலையினின்று நின்ற முதியவளும் அதில் இடம்பெறார். அதனைக் கொண்டு அவர்கள் லயத்தில் வாழவேயில்லை என முடிபு கட்டுதல் எவ்வளவு பேதைமை! அவ்வாறே, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பெற்ற துண்டு முறையை நோக்குக. இன்ன தொகை செலுத்தப்படின் ஆட்கள் விடுவிக்கப்படுவர் என்று துண்டு கூறிற்று. அக்கடன் எவ்வாறு ஏறியது என்பதை அது கூறவில்லை. ஓர் ஏட்டின் மௌனம் ஒரு நிகழ்ச்சியின் இன்மைக்குச் சான்றாகாது.

இஃது ஏட்டுச்சுரைக்காய் விவாதமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி, இந்நாட்டிற் பிறந்தவர் தம் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவருமோ இங்கு பிறந்தனர் என எண்பித்தல் வேண்டியதாயிற்று. கோப்பிக் காலத்தில் மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்து, அறுவடை முடிந்ததும் திரும்பிய மக்களிடம் பாட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டால் எங்கே போவர்? 1949இன் சட்டப்படி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், பதிவுபெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. ஆவணமில்லையேல் வரலாறில்லை என்னும் ஆய்வறைச் சூத்திரம், ஆவணமில்லையேல் நாடில்லை என்னும் தீர்ப்பாக உருமாறிய இடம் இதுவெனலாம். பாட்டனின் பத்திரத்தைக் கோராது, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

அங்ஙனமாயின் ஆய்வுமுறையையே கைவிடுவதா? அன்று. லாங்லுவாவும் செய்ஞோபோவும் ஆவணத்தைப் போற்றியதோடமையாது அதனை ஐயுறவும் கற்பித்தனர். நாம் முற்பாதியை மனனஞ் செய்து பிற்பாதியை மறந்துவிடுகின்றோம். மேலும், வாய்மொழி மரபையும் முறைப்படி சோதித்துச் சான்றாகக் கொள்ளலாம் என்பதை யான் வன்சினா 1961இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். அம்முறை நமக்குப் பெரிதும் பயன்படும். பண்டாரவளையில் றெயிலிறங்கி, பதுளைக்குப் பாதை இல்லாமையால் தம் பாட்டன் அங்கு நடந்தே சென்றார் என ஒரு முதியவர் கூறுகின்றார் எனக் கொள்வோம். புகையிரதப் பாதை பண்டாரவளையை எட்டியது 1890களில். பதுளையை எட்டியது 1924இல். ஆகவே அப்பயணம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதென ஒருவாறு துணியலாம். ஆண்டு அறியாத நினைவும் இவ்வாறு காலவரையறை பெறுகின்றது.

இதே கண்டிப்பு நாம் போற்றும் நாட்டார் பாடல்களுக்கும் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தொகுத்தமை பெரும்பணி. எனினும் மலையகப் பாடல் என்று கிடைத்ததெல்லாம் மலையகத்திலேயே பிறந்ததாகாது. தமிழகத்துக் கிராமத்தினின்று வந்தது எது, இங்கு மாறியது எது, புதிதாய்க் கட்டப்பட்டது எது எனப் பகுத்தல் அவசியம். துரையின் அறிக்கையை ஐயுற்றுப் பாடலை அப்படியே நம்புதல் பக்கச்சார்பே. அது நம் மக்களுக்குச் செய்யும் தொண்டாகாது.

தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்க்கு ஒரு கடமை உண்டு. விடுமுறையில் வீடு செல்லுங்கால் பழைய பற்றுச்சீட்டுகளையும், கோயில் திருவிழா வரிக் கொப்பிகளையும், கல்லறை எழுத்துகளையும் பெயர்த்தெழுதுக. முதியோர் கூற்றை, கூறியவர், இடம், நாள் ஆகிய குறிப்புகளுடன் பதிவு செய்க. ஒரே மனிதரின் பெயர் செக்றோலில் ஒருவிதமாகவும் பிறப்புப் பத்திரத்தில் வேறுவிதமாகவும் இருப்பின், இரண்டையும் திருத்தாது குறித்துக்கொள்க; பிழையுங்கூட எழுதியவரைப் பற்றிய சான்றாகும்.

'ஆவணம் கிடைக்கவில்லை' என்பது ஆய்வாளனின் நேர்மையான கூற்று. 'ஆகவே அது நிகழவில்லை' என்பது அவன் கூற உரிமையற்ற கூற்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணர்தலே வரலாற்று ஆய்வுமுறையின் முதற்பாடமாகும்.