ஸ்மிதா பாட்டீல்: முகமும் கதையும்

ஸ்மிதா பாட்டீலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய மரணத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறார்கள். 1986 நவம்பர் 28இல் குழந்தை பிறந்தது, பிரசவத்தை ஒட்டிய சிக்கல்களால் டிசம்பர் 13இல் அவர் இறந்தார், வயது 31. இந்தப் பதினைந்து நாட்களின் கதை தெரிந்துவிட்ட ரசிகனுக்கு, அதற்கு முந்தைய பதினோரு வருஷப் படங்களிலும் ஒரு முன்னறிவிப்புத் தட்டுப்பட ஆரம்பித்துவிடுகிறது. கண்களில் ஆரம்பத்திலிருந்தே சோகம் இருந்ததாம். கண்கள் பெரியவை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். பெண்களின் உரிமை பற்றிப் பேசிய, அந்த மாதிரிப் பாத்திரங்களைத் தேடி நடித்த ஒருவர், ஏற்கனவே மணமான ராஜ் பப்பருடன் எப்படி வாழப் போகலாம் என்று கேட்டவர்கள். ஸ்மிதாவுடைய வாழ்க்கை அவருடைய பாத்திரங்களுக்கு விசுவாசமாக இருந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இது. முதல் சாரார் வாழ்க்கையை வைத்துப் படத்தைப் படிக்கிறார்கள். இவர்கள் படத்தை வைத்து வாழ்க்கைக்கு மார்க் போடுகிறார்கள். இரண்டிலும் நடிப்பு என்ற காரியம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. என்னுடைய அக்கறை அதில்தான்.

எழுபதுகளின் துவக்கத்தில் ஸ்மிதா பம்பாய் தூர்தர்ஷனில் மராட்டிச் செய்தி வாசித்தார். ஜீன்ஸ் மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார் என்பது எல்லோரும் சொல்கிற கதை. ஷ்யாம் பெனகலின் கண்ணில் அவர் பட்டது இந்தச் செய்தி வாசிப்பின் மூலமாகத்தான். எனக்கு இது வெறும் வரலாற்றுத் தகவலாகப் படவில்லை. செய்தி வாசிப்பவரின் முகம் தான் வாசிக்கும் செய்தியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக்கூடாது. வெள்ளமானாலும் கிரிக்கெட்டானாலும் அதே முகம். ஹிந்தி சினிமாவின் நடிப்பு மரபு இதற்கு நேர் எதிரானது. அங்கே முகம் ஒரு வியாக்கியானக்காரன். கதை சொல்வதை இன்னொரு தடவை சொல்லி, சந்தேகமில்லாமல் நம்மை அழவைத்து அனுப்பும். ஸ்மிதா தன் நல்ல படங்களில் இந்த வியாக்கியானத்தைத் தர மறுத்தார். இதை ‘இயல்பான நடிப்பு’ என்று சொல்லி நகர்ந்துவிடுவது சோம்பேறித்தனம். மறுப்பது இயல்பில் வருவதல்ல. அதற்குப் பயிற்சி வேண்டும், பிடிவாதமும் வேண்டும்.

குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டுத் தயாரித்த ‘மந்தன்’ (1976) புதுப்பிக்கப்பட்டு 2024இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. இப்போது மறுபடி பார்க்கையில் பட்டணத்து டாக்டர் ராவின் லட்சியவாதம் சற்று வெளிறித்தான் தெரிகிறது. பிந்து என்ற அந்தச் சேரிப் பெண் வெளிறவில்லை. டாக்டருக்கு எதிராக ஒரு பொய்ப் புகார். அதில் அவளுடைய கட்டைவிரல் ரேகை. அதற்குப்பின் அவள் முகத்தில் குற்ற உணர்வா, பயமா, இந்தப் பட்டணத்துக்காரர்கள் எல்லோர்மேலும் அலுப்பா என்று படம் முடிந்த பிறகும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இந்தத் தீர்மானமின்மைதான் அந்தப் பாத்திரத்தின் உயிர்.

ஆனால் முக்கியமான படம் ‘பூமிகா’ (1977). நம் விஷயத்துக்கு நேராக வருவதும் அதுதான். மராட்டி நடிகை ஹன்ஸா வாட்கரின் சுயசரிதத்தைத் தழுவியது. அந்தச் சுயசரிதத்துக்கு அவர் வைத்த தலைப்பே அவர் நடித்த ஒரு படத்தின் பெயர்தான்: ‘ஸாங்த்யே ஐகா’. சொல்கிறேன், கேளுங்கள் என்று அர்த்தம். தன் வாழ்க்கையைச் சொல்லப் புகும்போதுகூட ஒரு நடிகைக்குக் கைக்கு அகப்படும் வார்த்தைகள் ஏதோ ஒரு சினிமாவின் பெயர்ப்பலகையில் இருந்தவை. பெனகல் இதைப் புரிந்துகொண்டு தன் படத்துக்கு ‘பாத்திரம்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

படம் ஒரு நடனத்தில் தொடங்குகிறது. அது ஒரு படப்பிடிப்பு என்பது பிறகே தெரிகிறது. திரையில் அவள் ஊர்வசி, வீட்டில் உஷா. புருஷன் கேசவ் அவள் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு அவளைச் சந்தேகிக்கிறான். சக நடிகன் ராஜன், தத்துவம் பேசும் டைரக்டர் ஒருவன், கடைசியில் காளே என்ற பணக்காரன். இந்த வரிசையை மட்டும் பார்த்துவிட்டு ‘ஆண்களால் வஞ்சிக்கப்பட்ட பெண்ணின் கதை’ என்று எழுதியவர்கள் படத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். 21, 22 வயது ஸ்மிதா செய்வதைக் கவனியுங்கள். ஊர்வசியாக நாற்பதுகளின் சினிமாவில் நடிக்கும்போது கை வீச்சும் விழி உருட்டலுமாக அந்தக் காலத்து மோசமான நடிப்பை மிகச் சுத்தமாக நடிக்கிறார். கேலி இல்லை, ஊர்வசிக்கு அது தொழில், அவள் அதில் கெட்டிக்காரி. காமிரா நின்றதும் வருகிற உஷா ‘உண்மையான’வளாகத் தளர்ந்து அவிழ்ந்துவிடவில்லை. அவள் இன்னும் அதிகமாக மூடிக்கொள்கிறாள். நடிப்புக்கு அடியில் அசல் பெண் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று நினைக்கும் நம் ஆசையைப் படம் ஒவ்வொரு தடவையும் ஏமாற்றுகிறது. கிசுகிசுப் பத்திரிகைகளை நடத்துவதும் இதே ஆசைதான் என்று சொல்லத் தேவையில்லை.

காளேயின் வீட்டில் அவளுக்குக் கௌரவம், நகை, ஒரு பையன், படுத்த படுக்கையாக மூத்த மனைவி, எல்லாம் கிடைக்கின்றன. பையனைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறபோதுதான் வாசலைத் தாண்ட அனுமதி கிடையாது என்பது தெரிகிறது. தப்பிக்க அவள் யாருக்கு எழுதுகிறாள்? எந்தப் புருஷனை விட்டு வந்தாளோ அவனுக்கு. ஒரு கதவைத் திறக்க இன்னொரு சிறையின் சாவி. இந்த இடத்தில் இன்னொரு நடிகை நமக்காக ஒரு கசந்த சிரிப்பாவது சிரித்திருப்பார். ஸ்மிதா சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். கடைசியில் ஒரு ஹோட்டல் அறை, தொலைபேசி அழைப்பு. அவள் பதில் தருவதில்லை.

இதற்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. ‘சக்ரா’ (1981) படத்துக்கு மறுபடியும். விருதைவிட அந்தப் படத்தின் போஸ்டர் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சேரியில் வாழும் அம்மா என்ற பெண் வெட்டவெளியில் குளிக்கிற காட்சி. படத்துக்குள் அது வெறும் தகவல், அங்கே குளிப்பதற்கு வேறு இடம் கிடையாது. அதையே வெட்டி எடுத்துச் சுவர்களில் ஒட்டியபோது அது வேறாகிவிட்டது. நடிகையின் ‘சொந்த வாழ்க்கை’ என்று நாம் எதைச் சொல்கிறோம்? யாரோடு வசித்தார் என்பதை மட்டுமா? மாநிறத் தோலை வெளுக்காமல் காட்ட ஒரு சில டைரக்டர்களே இருந்த ஒரு தொழிலில், தன் உடம்பைத் தன் அர்த்தத்தில் வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடும் அவருடைய வாழ்க்கைதான். விமர்சகனுக்கு உபயோகமான வாழ்க்கை இது.

‘நமக் ஹலால்’ (1982) மழைப்பாட்டை ஒரு வீழ்ச்சியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் கிடையாது. அதில் அவர் சங்கோஜமாக இருக்கிறார், கெட்டிக்காரத்தனமாக இல்லை. வணிகப் படங்களில் அவர் நன்றாக நடித்தார் என்று வாதாடும் புது ரசிகர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஊர்வசிக்கு இருந்த அந்தக் கூச்சமற்ற தொழில் திறமை ஸ்மிதாவுக்கு வாய்க்கவில்லை. நடிக்கத் தெரிந்ததை வாழ்ந்து காட்ட முடியவில்லை என்பது விசித்திரமான நிரூபணம்.

அதே 1982இல் ஜப்பார் படேலின் ‘உம்பர்தா’வில் அவர் கணவனுக்கு இன்னொருத்தி இருப்பதை அறிந்து வீட்டை விட்டுப் போகும் மனைவி. மகேஷ் பட்டின் ‘அர்த்’தில் அவரே அந்த இன்னொருத்தி, மனம் சிதைந்துபோன ஒரு சினிமா நடிகை. படங்களிலிருந்து வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இரண்டில் எதை எடுத்துக்கொள்வார்களோ தெரியவில்லை. வசதிப்படி ‘அர்த்’தை எடுத்துக்கொண்டார்கள். ‘அர்த்’தின் கவிதாவை வில்லியாகவோ பரிதாபமாகவோ ஆக்காமல் ஸ்மிதா பயத்தை மட்டும் நடித்தார் என்பது அவர்களுக்கு உதவாத விஷயம்.

1985இல் அரவிந்தனின் ‘சிதம்பரம்’. மலைமேல் ஒரு கால்நடைப் பண்ணை. அங்கே வேலை செய்யும் முனியாண்டி தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கல்யாணம் செய்து கூட்டிவரும் சிவகாமி. புல்லையும் பூவையும் அவள் பார்க்கிற பார்வையில் வசனத்துக்கு வேலையில்லை. மேலதிகாரி சங்கரனுடன் உறவு. தெரிந்துகொண்ட முனியாண்டியின் சாவு. சங்கரன் குடித்துக்கொண்டு ஊர் ஊராய் அலைந்து சிதம்பரம் கோயிலுக்கு வந்து சேர்கிறான். வாசலில் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் பெண் நிமிர்கிறாள். முகத்தில் வடு. சிவகாமி. குற்றம் சாட்டவில்லை, மன்னிக்கவுமில்லை. காமிரா அவளை விட்டுக் கோபுரத்தில் ஏறத் தொடங்குகிறது. அரவிந்தனுக்கு அந்த ஆகாயம் தேவைப்பட்டிருக்கலாம். எனக்கு அந்த முகத்தோடு நின்றிருந்தால் போதும்.

இறந்தபின் அவருடைய பல படங்கள் வந்தன. கேத்தன் மேத்தாவின் ‘மிர்ச் மஸாலா’ (1987) அவற்றில் நல்லது. ‘வாரிஸ்’ (1988) படத்துக்குக் குரல் கொடுக்க அவர் இல்லை. ரேகாவை வைத்து டப்பிங் செய்து வெளியிட்டார்கள். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற உத்தேசமும் இல்லை.