கடைசிப் பத்து மீட்டர்: ஜியோகேஷிங்குக்கு எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்?

யாரோ ஒளித்துவைத்த பெட்டியை, அட்சரேகை தீர்க்கரேகை எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடிப்பது ஜியோகேஷிங். உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். இந்த விளையாட்டுக்காகக் கையடக்க ஜிபிஎஸ் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது துல்லியத்தை. எத்தனை மீட்டர் பிசகும் என்று கேட்டு, பிசகு குறைவான கருவிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராகிறார். அந்தப் பணம் பெரும்பாலும் வீண்.

காரணம் எண்களிலேயே இருக்கிறது. 2000 மே 1 நள்ளிரவோடு அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் பத்து, இருபது மீட்டருக்குள் காட்டத் தொடங்கின. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர், ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்துக்கு அருகே பீவர்கிரீக் என்ற ஊர்ப்பக்கம் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்துவைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார்: வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'. மூன்று நாளுக்குள் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். (இன்றைய விதிப்படி நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பெட்டிக்காகக் குழி தோண்டக் கூடாது.) பாகை, அதன்பின் மூன்று தசம இலக்கங்கள் வரையிலான கலை என்ற அந்த வடிவம்தான் இன்றும் வழக்கம். வடக்கு எண்ணின் கடைசி இலக்கம் ஒன்று கூடினால் இடம் 1.85 மீட்டர் நகரும். ஓரிகன் இருக்கும் 45ஆம் பாகையில், மேற்கு எண்ணின் கடைசி இலக்கத்துக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர். அதைவிட நுணுக்கமாக இடத்தைச் சொல்ல இந்த எண்களால் முடியாது. இதன் மேல் பெட்டியை வைத்தவருடைய கருவியின் பிழை, தேடுகிறவருடைய கருவியின் பிழை இரண்டும் சேரும். திறந்த வானத்தின் கீழ் நல்ல கருவியே மூன்று முதல் ஐந்து மீட்டர் பிசகும். அடர்ந்த மரங்களுக்கு அடியில் பத்தைத் தாண்டும். ஆகவே எந்தக் கருவியும் ஆளைப் பெட்டியின் தலைமேல் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. ஒரு வட்டத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. மீதியைக் கண்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவுதான் தேவை என்றால் கைபேசி போதாதா? ஊருக்குள், பூங்காவில், நடைபாதை ஓரத்தில் தேடுகிறவருக்குத் தாராளமாகப் போதும். விளையாட்டின் அதிகாரபூர்வச் செயலியும், ஆண்ட்ராய்டுக்கான சி:ஜியோ என்ற திறமூலச் செயலியும் இருக்கின்றன. முதல் சில பெட்டிகளைக் கைபேசியால் தேடிப் பார்த்து, விளையாட்டு பிடித்த பிறகு கருவி வாங்குவதே புத்திசாலித்தனம். கைபேசி தோற்கும் இடங்கள் வேறு. திரையை எரியவிட்டபடி அரை நாள் நடந்தால் பேட்டரி தீரும். அவசரத்துக்குப் பேச வேண்டிய கருவியும் அதுவே. மழைத்துளி பட்ட தொடுதிரை விரல் சொல்வதைக் கேட்பதில்லை. பாறை மேல் விழுந்தால் செலவு. ஆண்டின் பாதி நாள் தூறிக்கொண்டிருக்கும் அமெரிக்க வடமேற்குக் காடுகளில் இவை மூன்றும் ஒரே நாளில் நடக்கக்கூடியவை. கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவை ஐபிஎக்ஸ்7 தரத்தில் வருகின்றன. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

தொடக்கநிலையாளர் கவனிக்க வேண்டிய முதல் அம்சம் மின்னணுத் திசைகாட்டி. விளம்பரத் தாளில் கடைசியில் ஒரு வரியாக இருக்கும் இதுதான் பெட்டிக்கருகில் வேலை செய்கிறது. திசைகாட்டி இல்லாத கருவி, ஆள் நகர்ந்த தடத்தைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் போகிறார் என்று கணக்கிடும். நடக்கும்வரை அம்பு சரியாக இருக்கும். நின்றதும் அதற்குத் திசை தெரியாது. அம்பு உறைந்து நிற்கும், அல்லது கிறுகிறுவென்று சுற்றும். புதிதாக வந்தவர் நிற்பதோ பெட்டிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால்தான். அங்கே அம்பு ஒருமுறை வலப்பக்கம் காட்டும், இரண்டடி வைத்தால் முதுகுப்பக்கம் காட்டும். புதர்க்குள் முன்னும் பின்னும் நடந்தே பொழுது போய்விடும்.

திசைகாட்டியிலும் இரண்டு வகை உண்டு. இரண்டு அச்சு வகையைத் தட்டையாகப் பிடித்தால்தான் சரியாகக் காட்டும். மூன்று அச்சு வகை சாய்த்துப் பிடித்தாலும் சமாளிக்கும். சரிவில் ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு மறு கையில் கருவியைப் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். இந்த வசதியைப் பயன்படுத்தும் முறை எளிது. பெட்டிக்கு இருபது மீட்டர் இருக்கும்போதே நின்று, அம்பு காட்டும் நேரில் ஒரு மரத்தையோ பாறையையோ குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, வேறொரு கோணத்தில் நின்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தேடலாம். தூர எண் பூஜ்யமாகும் வரை கருவியைத் துரத்திக்கொண்டு திரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

பேட்டரி மாற்றியதும் திசைகாட்டியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் கருவியில் திசைகாட்டிப் பக்கத்தைத் திறந்து குச்சிப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், எப்படித் திருப்ப வேண்டும் என்று திரையே சொல்லும். காருக்குப் பக்கத்தில் நின்றோ, காந்த மூடி போட்ட கைபேசி உறையோடு சேர்த்துப் பிடித்தோ இதைச் செய்தால் பலனில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசையில் தேர்வு சுலபமாகிறது. 2019இல் வந்த 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்: 2.2 அங்குல வண்ணத் திரை, இரண்டு ஏஏ பேட்டரி, 25 மணி நேர உழைப்பு, 8 ஜிபி நினைவகம், மெமரி கார்டுக்கு இடம், உள்ளேயே வரைபடம். அறிமுக விலை முறையே 200, 300 டாலர். அந்த 100 டாலர் வித்தியாசத்தில் முக்கியமாகக் கிடைப்பவை மூன்று அச்சுத் திசைகாட்டியும், காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் மானியும். உயரமானி பெட்டி தேடுகிறவருக்குப் பெரிதாக உதவாது. திசைகாட்டிக்காக மட்டுமே அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம். 22எக்ஸ் மலையேறுகிறவருக்கு நல்ல கருவி. ஜியோகேஷிங்குக்கு அது சிக்கனம்போலத் தோன்றும் தவறு.

32எக்ஸ் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். பேட்டரியோடு 142 கிராம். முகப்பில் வலது மேல் மூலையில் குச்சிப் பொத்தான், இடது விளிம்பில் வரைபடத்தைப் பெரிதாக்கச் சிறிதாக்க இரண்டும் மெனுவுக்கு ஒன்றும், வலது விளிம்பில் பின்செல்லவும் விளக்குக்கும் ஒவ்வொன்று. பழகிவிட்டால் பார்க்காமலே ஒரு கையால் இயக்கலாம். எண்களை உள்ளிடுவது மட்டும் பொறுமையைச் சோதிக்கும். திரையில் தெரியும் விசைகளில் ஒவ்வொன்றாகக் குச்சியால் நகர்ந்து, அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். குளிருக்குக் கையுறை போட்டிருந்தால் அழுத்துவதற்குப் பதில் குச்சி பக்கவாட்டில் சரிந்து, 4 விழ வேண்டிய இடத்தில் 5 விழும். வீட்டிலேயே கணினியிலிருந்து ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவருக்கு இந்தத் தொல்லை அநேகமாக வராது. திரை, வெயில் ஏற ஏறத் தெளிவாகும் வகை. காட்டு நிழலில் மங்கும், விளக்கைப் போட வேண்டும். பின்மூடியை ஒரு வளையத்தைத் திருகித் திறக்க வேண்டும். மெமரி கார்டு பேட்டரிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ வேறு வழியில் போகிறது. அறிமுக விலை 150 டாலர். கறுப்பு வெள்ளைத் திரை. பேட்டரி 168 மணி நேரம் வரை நிற்கும் என்கிறது நிறுவனம். மின்னணுத் திசைகாட்டி உண்டு. புளூடூத் வழியாகக் கைபேசியோடு இணைத்தால் பெட்டிகளின் விவரம், குறிப்பு எல்லாம் தானாக வந்து சேரும், கேபிள் வேண்டாம். இந்த விலைக்கு இது பெரிய விஷயம். குறை ஒன்றுதான், ஆனால் சிறியதல்ல: வரைபடம் கிடையாது. அம்பு காட்டுவது நேர்கோடு. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் 200 மீட்டர் என்று திரை சொல்லும். நடுவே செங்குத்துப் பாறை இருப்பதைச் சொல்லாது. எந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டும் என்பது வரைபடத்தில்தான் தெரியும். கைபேசியில் வரைபடத்தையும் கையில் எஸ்இயையும் வைத்துக்கொள்ளத் தயாரானவருக்கு இதுவே மலிவான நல்ல தேர்வு.

பெட்டிகளை ஏற்றும் முறையை வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது. பழைய கருவிகளில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு புள்ளியும் சுருக்கப் பெயருமாக மட்டுமே ஏறும். விவரத்தைத் தாளில் அச்சடித்து எடுத்துப்போக வேண்டும். இப்போதைய கருவிகள் ஜிபிஎக்ஸ் கோப்பை அப்படியே படித்து, கடினத் தரம், நிலத்தின் தரம், பெட்டியின் அளவு, குறிப்பு, முன்பு வந்தவர்கள் எழுதியது என அனைத்தையும் காட்டும். யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் கருவி ஒரு பென்டிரைவ்போலத் திறக்கும். கார்மின் கோப்புறைக்குள் உள்ள ஜிபிஎக்ஸ் கோப்புறையில் கோப்பைப் போட்டால் முடிந்தது. விளையாட்டின் இணையதளத்தில் கட்டணம் கட்டிய உறுப்பினர்கள் ஒரே கோப்பில் 1000 பெட்டிகள் வரை இறக்கிக்கொள்ளலாம். ஆகவே கருவியின் விலையோடு ஆண்டுச் சந்தாவையும் கூட்டிக் கணக்குப் போட வேண்டும்.

அடுத்த படி கார்மினின் ஜிபிஎஸ்மேப் வரிசை. தலையில் கட்டைவிரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் சுருள் ஆன்டெனா இதன் அடையாளம். 65எஸ், 67 போன்றவை ஒரே செயற்கைக்கோளின் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் வாங்குகின்றன. பாறைச் சுவரிலோ கட்டடத்திலோ மோதித் திரும்பிவரும் சிக்னலை இனம்பிரிக்க எல்5 உதவுகிறது. டக்ளஸ் ஃபிர் மரங்கள் வானத்தை மூடிய காட்டிலும் மலையிடுக்கிலும் எண் தாவுவது குறையும். பொத்தான்களும் பெரியவை, கையுறையோடு அழுத்தலாம். 67இன் அறிமுக விலை 500 டாலர், எடை 230 கிராம். வாரந்தோறும் காட்டுக்குப் போகிறவருக்கும், தாமே பெட்டி ஒளித்துவைக்கத் தொடங்கியவருக்கும் இது பொருந்தும். ஒளித்துவைக்கிறவரின் பிழை வருகிற ஒவ்வொருவர் தலையிலும் விழுவதால் அவருக்கு அக்கறை கூடுதலாக வேண்டும். அவருக்காகவே இடத்தைச் சராசரியாக்கும் வசதி இந்தக் கருவிகளில் இருக்கிறது. குறைந்தது 90 நிமிட இடைவெளியில் நான்கு முதல் எட்டு முறை அளக்கச் சொல்கிறது கையேடு. இது 32எக்ஸிலும் உண்டு.

எவ்வளவு விலை கொடுத்தாலும் வானம் தெரியாத இடத்தில் பயனில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோக்வால்மி கணவாயில், ரயில் நின்றுபோன 3.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. 2001இல் ஒரு திரைப்பட விளம்பரத்துக்காக வைக்கப்பட்ட புகழ்பெற்ற பெட்டியைத் தேடிப் போகிறவர்கள் அதன் வழியாக நடக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லாக் கருவியும் ஒன்றுதான். அங்கே வேண்டியது டார்ச்.

பழைய கருவி வாங்குவதில் தவறில்லை; 32எக்ஸுக்கு முந்தைய 30, 30எக்ஸ் இரண்டிலும் இதே திசைகாட்டி உண்டு. கையில் எடுத்ததும் பேட்டரி அறையைத் திறந்து, கம்பிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளிம்பு ரப்பர் பிசுபிசுத்துக் கழன்றிருந்தால் தண்ணீர் புகலாம். அமைப்புப் பக்கத்தில் நில ஆதாரம் டபிள்யூஜிஎஸ்84 என்று இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் பழைய காகித வரைபடத்துக்காக என்ஏடி27 என்று மாற்றிவைத்திருந்தால், அமெரிக்க மேற்குக் கரையில் இடம் ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளிப்போகும், கருவி ஒரு எச்சரிக்கையும் தராது. தேதியையும் பார்ப்பது நல்லது. ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் திரும்பியபோது சில பழைய கருவிகள் இருபது ஆண்டு பின்னால் போய்விட்டன. மென்பொருளைப் புதுப்பித்தால் சிலவற்றில் இது சரியாகும்.

பேட்டரிக்கு, சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ இரண்டு ஜோடி போதும். கருவியின் மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவுகாட்டி பொய் சொல்லும். பனிக்காலத்தில் ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் ஏஏ நன்றாக நிற்கும். 67இல் பேட்டரி உள்ளேயே பதிந்திருக்கிறது. நீண்ட நேரம் உழைத்தாலும், தீர்ந்துவிட்டால் வழியில் இருக்கும் கடையில் வாங்கிப் போட முடியாது.

பெயரின் கடைசியில் ‘ஐ’ சேர்ந்த 66ஐ, 67ஐ போன்றவற்றில் இன்ரீச் என்ற செயற்கைக்கோள் செய்தி வசதி இருக்கிறது. கைபேசிக் கோபுரமே இல்லாத காட்டில் தனியாக நடக்கிறவருக்கு அது உயிர்காக்கும். மாதச் சந்தா தனி. பெட்டி தேட அது தேவையில்லை. அமெரிக்காவில் வாங்கி விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் இந்த மாதிரிகளைத் தவிர்ப்பது நல்லது. செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை முன்அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையில் இன்ரீச் கருவியோடு பிடிபட்டு வழக்கில் சிக்கிய வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.